வில்லின் விலை

வில்லாளன் பெரியவனா, வாள் ஏந்தும் காலாள் பெரியவனா? ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்னும் கணினிப் போராட்டம் ஆடும் விடுதி நண்பர்களிடையே ஓயாத வழக்கு இது. எட்ட நின்றே வீழ்த்தும் வில்லாளனே சிறந்தவன் என்பர் பலர். அம்புகளைத் தாங்கி முன்னேறும் கோத்துகளின் ஹஸ்கார்ல் காலாளைக் காட்டி மறுப்பர் சிலர்.

என் குறை வேறு. 1999-இல் வெளிவந்த அந்த ஆட்டத்தில் காலாள் உருவாக 21 வினாடி. வில்லாளன் உருவாக 35 வினாடி. அவன் விலை 25 மரமும் 45 பொன்னும். அவ்வளவுதானா வில்லின் விலை?

விழா நாள்தோறும் ஆண்மக்கள் வில் பழக வேண்டும் என்று 1363-இல் ஆணையிட்டான் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு. நெடுவில்லை வளைக்கும் தோள் ஆண்டுக்கணக்கில் உருவாவது அன்றோ! 1415-இல் அஜின்கோர்ட் களத்திலே, அம்பு தீர்ந்ததும் அவ்வில்லாளர் கோடரியும் சம்மட்டியும் ஏந்திச் சேற்றில் இறங்கிப் பொருதனர். ஆட்டத்திலோ அம்பு தீர்வதே இல்லை!

ஆகவே வில்லாளனே அரியவன் என்பேன். காலாளை அவனுக்கு அரணாக நிறுத்துங்கள். ஓராண்டு உழைத்து ஒரே ஒரு கோடு வரையும் ஆய்வு மாணவர்க்கு இது விளங்காதா? ஆடுங்கள், வெல்லுங்கள், ஆனால் எந்த வில்லாளனும் 35 வினாடியில் விளைந்தவன் அல்லன் என்பதை மறவாதீர்!