பணி ஆணையைப் படித்த பிறகு நிலத்தை விற்கலாம்

ஓசூர் சிப்காட்டில் மகனுக்கோ மகளுக்கோ வேலை கிடைத்ததும் நிலத்தை விற்க நினைக்கும் பெற்றோர், முதலில் பணி ஆணையைப் படிக்க வேண்டும். அதில் 'அப்ரண்டிஸ்' என்றிருந்தால், தொழிற்பழகுநர் சட்டம், 1961-இன்படி அவர் பயிற்சியாளர்தான், தொழிலாளி அல்ல. கிடைப்பது உதவித்தொகை. பயிற்சி முடிந்தபின் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை.

பயிற்சிக்கு அனுப்புவது தவறல்ல, தொழில் கைவரும். ஆனால், திரும்பி வரும் பிள்ளைக்கு ஊரில் பிடிமானம் வேண்டாமா? தளி, கெலமங்கலம் வட்டாரங்களில் ரோஜாவும் தக்காளியும் குடைமிளகாயும் விளைகின்றன. அரை ஏக்கரையாவது பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். விற்ற பணம் அவர் வங்கிக் கணக்கிலேயே சேரட்டும். செலவுக்கு அப்பாவிடம் கைநீட்டும் நிலை இருந்தால் எந்த இளைஞரும் வயலில் தங்கமாட்டார். வேளாண், தோட்டக்கலை அலுவலர்களும் பயிற்சி முகாம்களுக்குப் பெரியவர்களோடு இவர்களையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.