கல்லணைக்கு அவர்களும் வரட்டும்



ஆடிப்பெருக்கு நாளன்று பூதலூர் வட்டாரத்தில் எந்த வீடு அடங்கிக் கிடக்கும்? புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் கட்டிக்கொண்டு, மேற்கே கல்லணைக்கும் வடக்கே திருக்காட்டுப்பள்ளிக்கும் ஊரே திரண்டு புறப்படுகிறது. புதுப்புனல் காண எல்லோரும் போனபின், தாழிட்ட பின்கட்டிலே ஒருவர் தனித்திருப்பாரே, அவரை எண்ணியதுண்டா? நாற்றங்காலிலும் களத்திலும் நம்மோடு நின்றவராகக்கூட இருப்பார். காதிலே குரல்கள் ஒலிக்கத் தொடங்கிய நாள்முதல் அவர் பெயரை ஊர் மறந்தது; 'பைத்தியம்' என்ற பட்டமே நிலைத்தது.

2001ஆம் ஆண்டில், ஆடிப்பெருக்கு கழிந்த சில நாட்களில், ஆகஸ்டு 6 அன்று, ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் தீ மூண்டது. 28 மனநோயாளர் மாண்டனர். ஏன் ஓடவில்லை? காலிலே சங்கிலி! உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அறவே விலக்கியது. சமூகத்தினின்று பிரிக்கப்படாமல் வாழ்வது அவர்தம் உரிமை என்றும் உரைத்தது. சட்டம் சங்கிலியை விலக்கலாம். பின்கட்டுத் தாழ்ப்பாளை யார் திறப்பது?

2019 நாடாளுமன்றத் தேர்தலில் சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்து உள்நோயாளிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். நாட்டின் ஆட்சியைத் தீர்மானிக்கத் தகுந்தவர், வேனில் ஏறிக் காவிரியைக் காணத் தகாதவரோ?

மாநாட்டுக்கு வேன் பிடிக்கத் தெரிந்த நம் கிளைகள், இவர்களுக்காக ஒரு வேன் பிடிக்கட்டும் என்கிறேன். "ஏதேனும் விபரீதம் நேர்ந்தால்?" என்பீர்கள். நியாயமான அச்சந்தான். ஆகவே, பெருக்குநாள் நெரிசல் வேண்டாம். தண்ணீர் ஓடும் பருவத்தில், கூட்டமில்லாத வாரநாள் காலையாகப் பாருங்கள். மருத்துவரைக் கேட்காமல் புறப்படாதீர்கள். இந்நோய்க்கான மருந்துகள் பலவும் வெயில் தாங்கும் ஆற்றலைக் குறைப்பவை. லித்தியம் உண்பவருக்கோ உடலில் நீர் வற்றினால் மருந்தே நஞ்சாகும். குடிநீரும் நிழலும், வேளை தவறாத மாத்திரையும் சோற்றுப் பொட்டலத்தைவிட முக்கியம். வீட்டாரில் ஒருவர் உடன்வர வேண்டும். கல்லணையில் நீரின் இழுப்பு கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. நல்ல நீச்சல்காரரையும் ஏமாற்றும். எவரும் இறங்க வேண்டாம்; பாலத்தில் நின்று மதகு வழியே நுரைத்துப் பாயும் வெள்ளத்தைக் காணட்டும், பூங்காவில் அமர்ந்து உண்ணட்டும். ஒருவர் பாதியில் "போதும்" என்றால், கடிந்துகொள்ளாமல் அழைத்து வர இன்னொரு வண்டி ஆயத்தமாக இருக்கட்டும்.

கொடி, பதாகை, துண்டு, புகைப்படம் எதுவும் கூடாது! (மைக்கும் மேடையும் இல்லாமல் நம்மவர்க்குக் கை ஓடாது என்பதை அறிவேன்.) சோற்றுப் பொட்டலத்தை ஒருவர் நீட்ட, இன்னொருவர் வாங்க, அதைப் படமெடுத்து ஊருக்குக் காட்டினால், 'பைத்தியம்' என்ற பட்டத்தை நாமே அச்சடித்து ஒட்டியவர்களாவோம். அவர்கள் நம் விருந்தினரல்லர். காவிரி நமக்கு எவ்வளவு உரியதோ, அவ்வளவு அவர்களுக்கும் உரியது.

இன்னொன்று. வீட்டாரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். பின்கட்டுக்குப் போய், பெயர் சொல்லி அழைத்து, "கல்லணைக்குப் போகிறோம், வருகிறீர்களா?" என்று அவரையே கேளுங்கள். முதல்முறை மறுமொழி வராமற் போகலாம். மறுவாரமும் சென்று கேளுங்கள்.