பையை யார் அடுக்குவது?

"அம்மா, என் ஜியாமெட்ரி பாக்ஸ் எங்கே?"

காலை எட்டேகால் மணிக்கு உங்கள் வீட்டிலும் இந்தச் சங்கீதம் கேட்கிறதா, சகோதரி? அப்படியானால் என்னோடு ஜவ்வாது மலைக்கு ஒரு நடை வாருங்கள்.

ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் மலைக் கிராமங்கள். சாமையும் புளியும் பலாவும் விளையும் பூமி. பள்ளிக்கூடம் தூரம்; ஆகவே குழந்தைகள் பலர் அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். ஆறாம் வகுப்புச் சிறுமி தன் பாயைத் தானே சுருட்டுகிறாள். தன் பெட்டியைத் தானே அடுக்குகிறாள். "எங்கே?" என்று கேட்க அம்மா பக்கத்தில் இல்லையே!

இதைச் சொல்லி உங்கள் குழந்தையை இடித்துக் காட்டிவிடாதீர்கள். அம்மா அருகில் இருந்தால் அந்தச் சிறுமியும் தலை பின்னிவிடச் சொல்லி முதுகைக் காட்டி உட்காருவாள். தேவை அவளுக்குக் கற்றுக் கொடுத்ததை, நம் குழந்தைகளுக்கு நாம் பக்கத்தில் இருந்து கற்றுக் கொடுக்கலாம்.

அதற்கு ஏற்ற வயது இதுதான். ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர். ஆறிலிருந்து பாடத்துக்கு ஒருவர். அவரவர் வீட்டுப்பாடம், அவரவர் பரீட்சை. நன்றாகப் படித்த பிள்ளையும் திணறுவது இங்கேதான். மூளை குறைந்துவிடவில்லை, கணக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பைக்கு ஓர் ஆணி, புத்தகத்துக்கு ஒரு தட்டு; இடம் மாறக் கூடாது. வீட்டுப்பாடத்தைக் கொடுத்த உடனேயே எழுதிக்கொள்ள ஒரு சிறு நோட்டு. முடித்ததை அடித்துவிட வேண்டும். மாலையில் பால் குடித்ததும் படிப்பு. இரவு சாப்பாடானதும் நேர அட்டவணையைப் பார்த்து மறுநாள் பையைக் குழந்தையே அடுக்கட்டும். நீங்கள் அருகில் உட்காருங்கள். கை மட்டும் வைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காமல், ஒன்று படிந்த பிறகு அடுத்தது.

முன்கூட்டியே தயாராவதன் பெருமைக்கு அந்த மலையே சாட்சி. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதை, இன்று வைணு பாப்பு பெயர் தாங்கும் காவலூர் வான் ஆராய்ச்சி நிலையத்திலும் கவனித்தார்கள். நட்சத்திர ஒளி சில விநாடிகள் மங்கியது அங்கே பதிவாயிற்று. அதே நேரம் விமானத்தில் பறந்த அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், குறித்த வேளைக்கு வெகு முன்பே கருவிகளை ஓடவிட்டிருந்தார்கள். அதனால் கோள் மறைப்பதற்கு முந்திய மங்கல்களும் அகப்பட்டன. கோளின் இருபுறமும் அவை ஒத்திருக்கவே, யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது.

நோட்டை மறந்து போனால்? ஒரு முறை மறக்கட்டும், சகோதரி. நானும் வரைபட நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் பறந்தவள்தான். பள்ளி வாசலில் என் மகன் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா இவ்வளவு லேட்?"

கோபம் வந்தது, வீடு திரும்பும்போது வெட்கம் வந்தது. மறந்தது அவன், குற்றவாளி நான்! அப்படி அவனைப் பழக்கியதும் நானேதான்.

அன்றிரவு அவன் பையை அவனே அடுக்கினான். கோணலாகத்தான். நான் தொடவில்லை.

இன்றிரவு உங்கள் வீட்டிலும் தொடங்குங்களேன்; என்ன நடந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.