நஜீஸ் என்றால் கழுவச் சொன்னது மார்க்கம், சாக்கில் கட்டச் சொல்லவில்லை



ஒரு கிழமையாக எங்கள் வீட்டைப் பற்றி ஊர் வாட்ஸ்அப் குறூப்புகளில் ஒரு வொய்ஸ் கிளிப் சுற்றுகிறது. "சேர்ட ஊட்டுல நாயும் குட்டியும் வெச்சி வளக்காங்களாம். இவங்கதான் நம்மட புள்ளயளுக்கு இஸ்லாம் படிப்பிக்கிற" என்று ஒரு சகோதரர் பேசியிருக்கிறார். அதைக் கேட்டு, பின்னேர வகுப்புக்கு வந்த பதினொரு பிள்ளைகளில் நாலு பேரைப் பெற்றோர் நிறுத்திவிட்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தும் ஒருவர் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். ஞாயிறு அஸருக்குப் பிறகு வந்து விளக்கம் தரச் சொன்னார். வருவோம், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் ஊருக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். பதிவு நீளம். பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

'நாங்கள்' என்று எழுதுவது பெருமைக்கு இல்லை. இது ஒரு ஆளின் வேலை இல்லை என்பதால். வீட்டில் உம்மாவோடு சேர்த்து ஐந்து பேர், அடுத்த வளவு ராத்தா, தரம் 10 படிக்கிற இரண்டு பொடியன்கள். இவ்வளவு பேரும் சேர்ந்துதான் இந்த 'குற்றத்தை'ச் செய்தோம்.

நடந்தது இதுதான். கார்த்திகை மாரி கொட்டிய ஒரு வியாழக்கிழமை, பாடசாலை விட்டு வரும்போது கடற்கரைப் பக்கம் குப்பை கொட்டும் இடத்தில் ஒரு பெட்டை நாய் ஒரு உர பேக்கைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பின்னங்கால் ஒன்று நொண்டி. முதலில் குப்பை கிளறுகிறது என்றுதான் நினைத்தோம். அந்தப் பொடியன்கள் இரண்டு பேரும்தான் "சேர், பேக்குக்குள்ள சத்தம் கேக்குது" என்றார்கள். பேக்கின் வாய் நைலோன் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. சும்மா ஒரு முடிச்சு இல்லை, மூன்று முடிச்சு. அவிழ்க்க முடியாமல் வெட்டினோம். உள்ளே ஆறு குட்டிகள். தொப்புள்கொடி இன்னும் காயவில்லை. கண் திறக்காதவை. ஒன்று ஏற்கனவே மௌத்தாகியிருந்தது.

கயிற்றைக் கட்டியவர் யார் என்று பிறகு தெரிய வந்தது. பெயர் எழுத மாட்டோம். எங்களிடம் படித்தவர். ஐந்து நேரம் தொழுகிறவர். நாய் அவருடைய வளவில் குட்டி போட்டது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பயம், அதனால் செய்தாராம். "நஜீஸ்தானே சேர்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த வொய்ஸ் கிளிப் இல்லை, இந்த ஒரு வார்த்தைதான்.

தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கி, காலணியில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறிய மனிதரின் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அல்லாஹ் அவரை மன்னித்தான். மிருகங்களுக்கு உதவினாலும் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் கேட்க, உயிருள்ள எதற்கு உதவினாலும் கூலி உண்டு என்று ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சொன்னார்கள். பனூ இஸ்ராயீல் கூட்டத்தில் ஒரு விபச்சாரப் பெண் நாய்க்குத் தண்ணீர் கொடுத்தே மன்னிக்கப்பட்டாள். பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண் நரகத்துக்குப் போனாள். இதையெல்லாம் அந்தச் சகோதரருக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் எடுத்திருப்பார். பிழை அவரிடம் மட்டுமா என்று இரண்டு இரவு யோசித்தோம். நாங்கள் படிப்பித்த காலத்திலேயே பாடசாலை வளவுக்குள் நாய் வந்தால் கல்லெடுத்து எறியும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அதையும் பிள்ளைகள் படித்தார்கள்.

இனி, சட்டத்துக்கு வருவோம். வீட்டுக்குள் நாய் இருந்தால் மலக்குகள் வரமாட்டார்கள் என்ற ஹதீஸ் ஸஹீஹ். ஒரு எழுத்தையும் நாங்கள் மறுக்கவில்லை. அதனால்தான் செம்பி (மகள் வைத்த பெயர்) வீட்டுக்குள் இல்லை, பின்வளவில் விறகுக் கொட்டிலில் இருக்கிறது. நாங்கள் ஷாஃபிஈ மத்ஹப். நாய் பட்ட ஈரத்தை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்து கழுவ வேண்டும் என்பது எங்கள் உம்மாவுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கிணற்றடியில் ஒரு வாளி மண் வைத்தே விட்டார். கொட்டிலுக்குப் போக ஒரு பழைய சாரன், ஒரு சேட், ஒரு சோடி செருப்பு தனியாக. காய்ந்த உடம்பில் காய்ந்த கை பட்டால் நஜீஸ் ஒட்டாது என்பதும் அதே மத்ஹபின் சட்டம்தான். மாலிகி மத்ஹபில் நாயின் உடம்பே சுத்தம் என்கிறார்கள், அந்தக் கதைக்கு நாங்கள் போகவில்லை. எங்கள் மத்ஹபின் கடினமான சட்டத்தை வைத்துக்கொண்டே இந்த வேலை செய்யலாம். ஒரு வாளி மண்ணும் கொஞ்சம் தண்ணீரும்தான் செலவு.

கழுவுகிற சட்டம் இருப்பதே தொட வேண்டி வரும் என்பதால்தானே? தொடவே கூடாது என்றால் எதற்கு ஏழு தரம் கழுவச் சொல்ல வேண்டும்? வேட்டைக்கும், ஆடு மாட்டுக்கும், பயிருக்கும் நாய் வைக்க அனுமதி இருக்கிறது. வேட்டை நாய் பிடித்ததைச் சாப்பிடலாம் என்று குர்ஆனிலேயே இருக்கிறது. கஹ்ஃப் சூராவை வெள்ளிக்கிழமை தோறும் ஓதுகிறோம். குகை வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயைக் கடந்து ஓதிவிட்டு, வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய்க்குச் சுடுதண்ணீர் ஊற்றுகிறோம்.

இன்னொன்று. மக்கா வெற்றிக்குப் படை போகும் வழியில், அர்ஜ் என்ற இடத்துக்கு அப்பால் ஒரு தாய் நாய் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு உறுமியதாகவும், படையில் ஒருவரும் அதைத் தொந்தரவு செய்யாமல் இருக்க ஜுஐல் இப்னு சுராக்காவை ரசூலுல்லாஹ் காவல் நிறுத்தியதாகவும் வாகிதி எழுதியிருக்கிறார். வாகிதி பலவீனமானவர் என்று கொமெண்ட் போடப்போகும் மௌலவிமாருக்கு முன்கூட்டியே சொல்கிறோம்: தெரியும். இதை வைத்து நாங்கள் ஹலால் ஹராம் பேசவில்லை. ஆனால் நம் முன்னோர் ரசூலுல்லாஹ்வை எப்படிப்பட்டவராக நினைவு வைத்திருந்தார்கள் என்று இதில் தெரிகிறது. ஒரு படைக்கும் ஒரு நாய்க்கும் நடுவில் ஒரு ஸஹாபி காவல் நிற்கிறார். நம்மிடம் இருந்தது ஒரு உர பேக்.

குட்டிகளுக்கு என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். அதில் எங்கள் பிழையும் உண்டு. நல்ல பெயர் வாங்க அதை மறைக்க முடியாது.

முதல் இரவு செம்பி பயத்தில் படுக்கவே இல்லை. ஐந்தும் குளிர்ந்து போய்க் கிடந்தன. பசி என்று நினைத்து, பால்மாவைக் கரைத்து, மருந்து விடும் டிரொப்பரால் கொடுத்தோம். அதுவும் நம் குழந்தைகளுக்குக் கொடுப்பது போல மல்லாக்கப் பிடித்து. ஒன்றுக்கு மூக்கால் பால் வந்தது. சுபஹுக்கு முன் அது போய்விட்டது. அடுத்த நாள் மிருக வைத்தியர் சொன்ன பிறகுதான் தெரியும்: பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே வைத்திருக்க முடியாது. இரண்டு மூன்று கிழமைக்குத் தாயின் வயிறுதான் அதற்கு அடுப்பு. குளிர்ந்த குட்டிக்குப் பால் சமிக்காது. முதலில் மெதுவாகச் சூடாக்க வேண்டும், பிறகுதான் பால். கொடுப்பதும் குப்புறப் படுக்க வைத்து, தலையைக் கொஞ்சம் மட்டும் தூக்கித்தான். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசுப்பாலை விட அதிகம், பசுப்பால் வயிற்றோட்டம் கொண்டுவரும். எல்லாவற்றுக்கும் மேலே, தாய் இருந்தால் தாயிடம் விடுவதுதான் வைத்தியம். நாங்கள் அவசரப்பட்டு ஒரு உயிரைக் கெடுத்துவிட்டோம். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அதன் பிறகு சரியாகச் செய்தோம். மட்டைப் பெட்டியில் பழைய சாரன் விரித்து, போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணி சுற்றி ஒரு ஓரத்தில் வைத்தோம். சூடு கூடினால் குட்டிகள் தள்ளிப் படுக்க மற்ற ஓரம் காலி. கரண்ட் இருந்த நேரம் ஒரு பல்ப். செம்பிக்குச் சோறும் அவித்த சூரை மீன் தலையும் முட்டையும். பால் கொடுக்கும் நாய்க்கு வழமையை விட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டுமாம். மீன் தலையை மார்க்கட்டில் சும்மா தந்தார்கள். மூன்றாம் நாள் செம்பி சரிந்து படுத்தது. குட்டிகளை ஒவ்வொன்றாக முலையில் பிடித்து வைத்தோம். பால் குடித்த பிறகு வயிற்றுக்குக் கீழே தாய் நக்கினால்தான் குட்டிக்குச் சிறுநீரும் மலமும் போகும் என்பதை இத்தனை வயதில் அப்போதுதான் அறிந்தோம். நாம் அருவருக்கும் அந்த நக்கலில்தான் அதன் உயிர் இருக்கிறது. சுப்ஹானல்லாஹ்.

நிறை கூடுகிறதா என்று தினமும் பார்க்கச் சொன்னார் வைத்தியர். வீட்டில் இருந்த ஒரே தராசு மகள் கேக் அடிக்கிற தராசு. பள்ளிவாசல் நிர்வாகம் கேட்ட விளக்கத்தை விடப் பெரிய விளக்கம் அன்று மகளுக்குக் கொடுக்க வேண்டி வந்தது. கடைசியில் கல்முனையில் வேறு ஒன்று வாங்கினோம். ஆகச் சின்னது 190 கிராம். அதற்குத்தான் இரவிரவாகப் பொடியன்களும் ராத்தாவும் மாறி மாறி இருந்தார்கள். ஒன்பதாம் நாள் அது மௌத்தாகிவிட்டது. அன்று தரம் 10 பொடியன் ஒருவன் கிணற்றடியில் நின்று அழுதான். அந்த அழுகையைப் பார்த்த பிறகு எந்த வொய்ஸ் கிளிப்பும் எங்களை ஒன்றும் செய்யவில்லை.

இப்போது மூன்று இருக்கின்றன. கண் திறந்து, காது கேட்டு, பூச்சி மருந்து குடித்து, கொட்டில் முழுக்க உருள்கின்றன. இன்றைக்கு 31ஆம் நாள்.

"காஸாவில் பிள்ளைகள் சாகும் நேரம் நாய்க்கு மீன் தலையா?" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். காஸாவுக்கு நாங்களும் கொடுத்தோம், துஆவும் கேட்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: அந்த உர பேக்கைக் கட்டியதால் காஸாவில் எந்தப் பிள்ளைக்குப் பசி தீர்ந்தது? இரக்கம் அரிசி மூட்டை இல்லை, இங்கே எடுத்தால் அங்கே குறைவதற்கு.

நியாயமான பயம் ஒன்று இருக்கிறது. விசர்நாய்க்கடி. அதைச் சிரித்துத் தள்ள மாட்டோம். குட்டி கடித்தாலும், கீறினாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி இலவசம். 1973இல் இந்த நாட்டில் 377 பேர் விசர்நாய் நோயால் இறந்தார்கள். இன்று அது வருடத்துக்கு ஏறத்தாழ இருபது, முப்பதாகக் குறைந்திருக்கிறது. கட்டி எறிந்தா குறைத்தார்கள்? நாய்க்கும் கடிபட்டவருக்கும் ஊசி போட்டுக் குறைத்தார்கள். பத்தில் ஏழு நாய்க்கு ஊசி போட்டால் நோய் பரவாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊசி போட்ட நாயை ஊரை விட்டுத் துரத்தினால், அந்த இடத்துக்கு ஊசி போடாத நாய் வரும். குப்பை இருக்கும் வரை வரும்.

அந்தக் குப்பை யாருடையது? கோழிக்கடைக் கழிவும், இறைச்சிக்கடைக் கழிவும், ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாக் குடலும் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். வருடம் முழுக்க நாமே சாப்பாடு போட்டு நாய்களைப் பெருக்கிவிட்டு, வருடத்துக்கு இரண்டு தரம் குட்டி போடுகிறது என்று நாயைத் திட்டுகிறோம். பிறகு லேண்ட்மாஸ்டரில் ஏற்றிப் பக்கத்துத் தமிழ் ஊர் எல்லையில் இரவோடு இரவாகக் கொண்டு போய் விடுகிறோம். இல்லை என்று யாராவது சொல்வார்களா? அங்கே ஒரு வயதான அம்மா அவற்றுக்குச் சோறு வைப்பதைக் கண்ணால் பார்த்தோம். "உங்கட ஊர் ஆக்கள்தான் தம்பி கொண்டு வந்து விட்டவை" என்று கோபம் கூட இல்லாமல் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு வந்தோம். நாயை வைத்து முஸ்லிம்களைத் திட்டுகிற பேஸ்புக் பக்கங்களுக்கு எங்கள் பதிவு தீனி ஆகிவிடும் என்று ஒரு நண்பர் எச்சரித்தார். அவர்களுக்குத் தீனி போடுவது அந்த லேண்ட்மாஸ்டர்தான்.

அரசாங்கம் 2006இலேயே தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தி ஊசி, கருத்தடை என்று வழி மாற்றியது. மிருக வதைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது, அதில் எழுதியிருக்கும் உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். ஒரு பிளேன்டீயும் ஒரு வடையும். அதனால் பொலிஸுக்குப் போக நாங்கள் நினைக்கவில்லை. ஜும்ஆவில் ஒரு குத்பா கேட்கிறோம். கழிவுக்கு மூடிய குழி கேட்கிறோம். கருத்தடை முகாமுக்குப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம், பள்ளிவாசலின் பெயரில். ஞாயிறு அஸருக்கு இதையும் எழுதிக் கொண்டு வருவோம். பெயர் சொல்ல வேண்டாம் என்று சொல்லி செம்பியின் ஒப்பரேஷனுக்கு 2000 ரூபாய் கொடுத்தனுப்பிய மௌலவி அவர்கள் அன்று வாயைத் திறந்தால் பெரிய உதவி.

கடைசியாக ஒரு தேவை. மூன்று குட்டியில் இரண்டு கடுவன், ஒன்று பெட்டை. எட்டுக் கிழமை முடிந்து, ஊசி போட்டுத்தான் தருவோம். வயல் வாடியோ மாட்டுப்பட்டியோ உள்ளவர்கள் இன்பொக்ஸ் வாருங்கள், உங்களுக்கு மார்க்கத்திலும் தடை இல்லை. பெட்டையை எடுப்பவர் கருத்தடைக்குச் சம்மதிக்க வேண்டும், செலவு எங்களோடு. பார்க்க வருபவர்கள் சொல்லிவிட்டு வாருங்கள். செம்பி இன்னும் புது ஆட்களைக் கண்டால் உறுமுகிறது, கையில் பேக்கோடு வருபவர்களைக் கண்டால் அதிகமாக.