குரல் வேணும், கோபம் வேணாமா?

'மியூசிக்குக்கு நிறமும் கிடையாது, ஜாதியும் கிடையாது சார்.'

வங்கியில் மதியச் சாப்பாட்டு மேசையில் கேட்ட வாக்கியம் இது. சொன்னவர் என்னோடு வேலை பார்ப்பவர். மோசமான மனிதர் இல்லை. நல்ல ரசிகர். நீனா சிமோன் பாட்டைக் கேட்டால் அவருக்குக் கண் கலங்கிவிடும். எதிரில் இருந்தவரும் ரசிகர்தான். இரண்டு பேரும் தயிர்சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு அந்தக் குரலின் ஆழத்தையும் பியானோவில் அந்த விரல்கள் போகும் போக்கையும் அரைமணி நேரம் சிலாகித்தார்கள். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டுத் தீர்ப்பு சொன்னார்கள்: 'எங்கேயோ போயிருக்க வேண்டியவ. அரசியல்ல விழுந்து கெட்டா.'

கவனியுங்கள் தோழர்களே, 'கெட்டா.' இதே மேசையில் எம்.எஸ். என்றால் 'அம்மா'. நீனா என்றால் 'அவ'.

இது அந்த மேசையோடு முடிகிற பேச்சு இல்லை. நீனாவின் ரசிகர்கள் கூடுகிற இடத்திலெல்லாம், எந்த தேசமானாலும், இந்தப் பேச்சு சுற்றி வருகிறது. காதல் பாட்டு எவ்வளவு இதம், போராட்டப் பாட்டு எவ்வளவு இரைச்சல், மேடையில் ஏன் அப்படிக் கத்தினார், வந்தவர்களை ஏன் திட்டினார், மனநோயாமே, பாவம். இப்படியே போகும். இந்த ரசிகர்களுக்குக் குரல் வேணும், அந்தக் குரல் புறப்பட்டு வந்த தொண்டை வேண்டாம். அவர்களுக்குத்தான் இந்தப் பதில்.

*

யூனிஸ் வேமன் என்பது இயற்பெயர். 1933இல் வட கரோலினா மாநிலத்தில் ட்ரையன் என்கிற சின்ன ஊரில் பிறந்தார். அம்மா மெதடிஸ்ட் சபையில் பிரசங்கி. வெள்ளையர் வீடுகளில் வேலைக்கும் போனவர். பிள்ளையின் விரல்களில் இருந்த வித்தையைப் பார்த்து ஒரு வெள்ளைக்கார ஆசிரியை பாக்கின் இசையைச் சொல்லிக்கொடுத்தார். ஊரில் பணம் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். நம்முடைய ரசிகர் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். 'பாத்தீங்களா, வெள்ளைக்காரங்களே தூக்கி விட்டிருக்காங்க.'

நிறுத்தாமல் அடுத்த காட்சிக்கு வாருங்கள் சார். பன்னிரண்டு வயதில் கச்சேரி. பெற்றோர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளையர்களுக்கு இடம்விடச் சொல்லி அவர்களை எழுப்பிப் பின்னால் அனுப்புகிறார்கள். பியானோ முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண், அம்மா அப்பாவைத் திரும்பவும் முன்னால் உட்கார வைக்காமல் வாசிக்க மாட்டேன் என்கிறது. உட்கார வைத்த பிறகுதான் வாசிக்கிறது.

அரசியலில் எப்போது 'விழுந்தார்' என்று கேட்டீர்களே, அன்றைக்குத்தான். விழவில்லை, ஏற்கெனவே அதற்குள்தான் பிறந்திருந்தார். முன்வரிசையில் யார், பின்வரிசையில் யார் என்று முடிவு செய்துவிட்டுத்தான் அந்த மண்டபத்தில் பாக்கின் இசையே ஆரம்பமானது. சங்கீதத்துக்குள் அரசியலைக் கொண்டுவந்தவள் அந்தச் சிறுமி இல்லை. நாற்காலி போட்டவன்தான் கொண்டுவந்தான்.

எந்த வாசலில் நிற்கலாம், எந்த மேளத்துக்கு எவ்வளவு தூரம் தள்ளி நிற்கணும் என்று நம்ம ஊர்களில் யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பறையைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு உள்ளே நாகசுரத்தை வாசிக்க விட்டவர்கள்தான் இசைக்கு ஜாதி இல்லை என்று நமக்கு வகுப்பெடுக்கிறார்கள்.

*

அடுத்து 'தகுதி'க்கு வருவோம். மேசைக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

யூனிஸின் ஆசை பாப் பாடகி ஆவதில்லை. கறுப்பினத்திலிருந்து மேற்கத்தியச் செவ்வியல் இசையின் பியானோக் கலைஞராக மேடை ஏறவேண்டும். நியூயார்க்கின் ஜூலியர்டில் ஒரு கோடைக்காலம் பயிற்சி எடுத்துக்கொண்டு 1951இல் பிலடெல்ஃபியாவின் கர்டிஸ் இசைக் கல்லூரிக்குத் தேர்வு கொடுத்தார். இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தன் நிறம்தான் காரணம் என்று சாகும்வரை நம்பினார். அந்தக் காயம் ஆறவே இல்லை.

ரசிகர்களில் ஒரு சாரார் இங்கே வழக்கறிஞர் கோட்டு மாட்டிக்கொள்கிறார்கள். இடம் குறைவு, விண்ணப்பம் அதிகம், அந்தக் கல்லூரியில் அப்போதே கறுப்பு மாணவர்கள் இருந்தார்கள், ஆகவே அது நிறவெறி என்று நிரூபிக்க முடியாது. சரி, நிரூபிக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேள்வி அப்படியே நிற்கிறது. தோற்ற வெள்ளைப் பையன் வீட்டுக்குப் போய், 'இன்னும் கொஞ்சம் நல்லா வாசிச்சிருக்கலாம்' என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிடுவான். கறுப்புப் பெண்ணுக்கு அந்தத் தூக்கம் கிடையாது. விரல் தோற்றதா, தோல் தோற்றதா என்று ஆயுசுக்கும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. தெரியாமலே வைத்திருப்பதுதான் தண்டனை. தீர்ப்பு எழுதியவன் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிரூபிக்கிற பாரம் மட்டும் அடிபட்டவள் தலையில்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த சங்கதி இல்லை. நான் எழுதிய கடிதத்தில் தப்பு இருந்தால் 'ரோஸ்டர்ல வந்தவன்' என்பார்கள். தப்பு இல்லாவிட்டால் 'பரவாயில்லையே' என்பார்கள். அந்தப் 'பரவாயில்லையே'யை வாங்கிக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்து ரூபாய்க் கட்டு எண்ணியவனுக்குத் தெரியும், பிலடெல்ஃபியாவிலிருந்து திரும்பி வந்த பதினெட்டு வயதுப் பெண்ணின் ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று.

அதே கர்டிஸ் கல்லூரி 2003 ஏப்ரலில் நீனாவுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. இரண்டு நாளில் அவர் செத்துப் போனார். உயிரோடு இருக்கையில் கதவு, சாகிற நேரத்தில் மாலை. இந்த வழக்கம் நமக்கும் தெரிந்ததுதானே.

*

பிழைப்புக்காக 1954இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் பியானோ வாசிக்கப் போனார். பாடினால்தான் வேலை என்றார் முதலாளி. பாடினார். சாராயக் கடையில் பாடுவது பிரசங்கி அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று பெயரை மாற்றிக்கொண்டார். நீனா சிமோன் அப்படித்தான் பிறந்தார். நீங்கள் உருகுகிற அந்தக் குரல், சார், மறுக்கப்பட்ட ஒரு இடத்திலிருந்து புறப்பட்ட குரல். கல்லூரிக் கதவு திறந்திருந்தால் அது பாட்டாகவே வந்திருக்காது.

1963 ஜூன் 12ஆம் தேதி மிசிசிப்பி மாநிலத்தில் ஜாக்சன் நகரில் மெட்கர் எவர்ஸ் அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலம் பர்மிங்காமில் கறுப்பர்களின் தேவாலயத்தில் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் செத்தார்கள். மூன்று பேருக்கு 14 வயது, ஒரு பிள்ளைக்கு 11.

செய்தி கேட்ட நீனா என்ன செய்தார் என்று 1991இல் வந்த சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். வீட்டில் கிடந்த சாமான்களை வைத்து ஒரு துப்பாக்கி செய்யப் பார்த்தார். யாரையாவது கொல்லணும் என்று இருந்தது. கொலை உனக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்தது இசை என்றார் கணவர். பியானோ முன்னால் போய் உட்கார்ந்தார். 'மிசிசிப்பி காட்டாம்' வந்தது. தலைப்பே ஒரு மாநிலத்தைப் பெயர் சொல்லித் திட்டும் வசவு.

துப்பாக்கி செய்ய எடுத்த கை பியானோவுக்குப் போயிற்று. ரசிகர்கள் இதை 'கோபம் கலையாக மாறிய அற்புதம்' என்று மெழுகுகிறார்கள். மாறவில்லை. கோபம் கோபமாகவேதான் இருந்தது. கருவி மட்டும்தான் மாறியது.

1964இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில், பெரும்பாலும் வெள்ளையர் உட்கார்ந்திருந்த சபையில் அதைப் பாடினார். பதிவைக் கேட்டுப் பாருங்கள். மெட்டு குதித்துக் குதித்து வரும், கேளிக்கை நாடகப் பாட்டு மாதிரி. சபை ஆரம்பத்தில் சிரிக்கிறது. போகப்போக அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியாமல் போய்விடும். சிரிக்க வைத்துக் கிட்டே கூப்பிட்டு அறைகிற வித்தை அது. நம்ம தெருக்கூத்துக் கட்டியக்காரனுக்கும் சேரிக் கிழவியின் வசவுக்கும் தெரிந்த வித்தைதான். இதைப் போய் 'இங்கே அழகியல் குறைந்துவிட்டது' என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? அழுதால் அழகியல், ஏசினால் இரைச்சலா? நம்ம எழுத்துக்கும் இவர்கள் இதே அளவுகோலைத்தானே நீட்டினார்கள்?

*

'அரசியலால் கெட்டார்' என்கிறார்களே, கெடுத்தது யார்? தெற்கு மாநில வானொலிகள் அந்தப் பாட்டைப் போட மறுத்தன. கேட்டால் கெட்ட வார்த்தை இருக்கிறதாம். நான்கு பிள்ளைகளைக் கொன்றது கெட்ட காரியம் இல்லை, திட்டியது கெட்ட வார்த்தை. வானொலிக்கு அனுப்பிய இசைத்தட்டுகளை உடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர் வரும்படியைக் கெடுத்தவை அந்தக் கைகள். உடைத்தவனை விட்டுவிட்டுப் பாடியவளைப் பார்த்து 'கெட்டா' என்கிறது ரசிக உலகம். ஊரை எரித்தவனை விட்டுவிட்டு 'இவங்களுக்கு வாய் ஜாஸ்தி' என்று நம்மைச் சொல்கிற அதே நியாயம்.

அதோடு அவர் எதை இழந்தார் என்று மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். எதைப் பெற்றார் என்று யாரும் கேட்பதில்லை. 1965 மார்ச்சில் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு வாக்குரிமை கேட்டு நடந்த நடைபயணத்தின் கடைசி இரவு. ஜனங்கள் சேற்றில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடை கிடையாது. சவப்பெட்டிகளை அடுக்கி அதன்மேல் பலகை போட்டு மேடை கட்டினார்கள். அதன்மேல் நின்று நீனா பாடினார். கர்டிஸ் கல்லூரி எந்த மேடையைக் கொடுத்திருந்தாலும் அது இந்த மேடைக்கு ஈடாகுமா?

ரசிகர்கள் கொடுத்த மேடை எது என்றும் பார்த்துவிடலாம். முதல் இசைத்தட்டின் உரிமையை விவரம் தெரியாத வயதில் 3,000 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் இருந்த ஒரு காதல் பாட்டை 1987இல் ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்துக்குப் போட்டார்கள். பிரிட்டனில் விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடத்துக்கு ஏறியது. இருபது வருஷமாகக் கோபக்காரி என்று ஒதுக்கிய உலகம் சென்ட்டு பாட்டில் வழியாக அவரைத் திரும்ப ரசிக்க ஆரம்பித்தது. வாசனை அடித்தால்தானே உள்ளே விடுவார்கள்.

*

கடைசியாக நம்ம வீட்டுக்குள் வருவோம். எதிராளியை மட்டும் ஏசிவிட்டுப் போவது சுலபம்.

நம்ம மாணவர் விடுதி அறைகளிலும் நீனாவின் படம் ஒட்டியிருக்கிறது. 1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் தலித் பேந்தர்கள் பெயரையே அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அந்தப் படத்துக்கு நம் சுவரில் உரிமை உண்டு. ஆனால் நாமும் ரசிகர்களாகத்தான் ஒட்டியிருக்கிறோமா?

1966இல் நீனா எழுதிப் பாடிய 'ஃபோர் விமன்' நான்கு கறுப்புப் பெண்களைப் பற்றியது. நான்கு பேருக்கும் நான்கு விதமான கறுப்பு. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே நிறத்தால் ஏணி போட்டு வைத்திருப்பதை அது திறந்து காட்டியது. கறுப்பர்களிலேயே சிலர் அதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை நமக்கு மனப்பாடம். ஆனால் நமக்குள் யார் மேலே, யார் கீழே, பறையரா பள்ளரா, அருந்ததியர் எங்கே உட்காருவது என்று வரும்போது அந்தப் பாட்டை நாம் கேட்டோமா? 2016இல் நீனாவைப் பற்றி எடுத்த படத்தில் வெளிர்நிற நடிகைக்குக் கறுப்புச் சாயம் பூசி, மூக்கை ஒட்ட வைத்து நடிக்க வைத்தார்கள். அந்த நடிகையே 2020இல் மன்னிப்புக் கேட்டார். கறுத்த பெண்ணின் கதை வேணும், கறுத்த பெண் வேண்டாம். நம்ம மேடைகளில் முன்வரிசையில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு அப்புறம் அந்தப் படத்தைத் திட்டுவோம்.

இன்னொன்று. கொல்லாதே, பாடு என்று சொன்ன கணவர்தான் அவருக்கு மேலாளர். அவர்தான் நீனாவை அடித்தவரும். அடித்த வீட்டிலிருந்தே விடுதலைப் பாட்டும் வந்தது. நீனாவும் தன் மகளை அடித்தார். மகளே 2015இல் வந்த ஆவணப்படத்தில் அதைச் சொன்னார். இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரைத் தேவதையாக்குவது ரசிக வேலை. அவருக்கு இருந்த மனநோயை வைத்து அவருடைய கோபத்தையே நோய் என்று ஒதுக்குவது அதைவிட மோசமான ரசிக வேலை. நோயும் இருந்தது. கோபத்துக்குக் காரணமும் இருந்தது. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்காதீர்கள்.

அடுத்த நாளும் சாப்பாட்டு மேசையில் அதே பேச்சு வந்தது. என் போனில் இருந்த கார்னகி அரங்குப் பதிவை வைத்தேன். முதல் நிமிஷம் கால் தாளம் போட்டது. அப்புறம் வார்த்தைகள் புரிய ஆரம்பித்தன. 'சவுண்டைக் கம்மி பண்ணுங்க சார், கஸ்டமர் இருக்காங்க' என்றார் ரசிகர்.

கம்மி பண்ணவில்லை. நீங்களும் பண்ணாதீர்கள்.