கதவைப் பூட்டி ஜன்னலைத் திறந்து வைப்பதா?

சாத்தூர்:
"பிராக்சி போட்டாச்சு, இனிமே யாருக்கும் தெரியாது" என்று கம்ப்யூட்டர் முன் நிம்மதியாக உட்காருகிறவர்களே, உஷார்!

கடைக்காரர் ஒருவர் தன் நோய்க்கு ஆஸ்பத்திரி தேடுகிறார். குமாஸ்தா ஒருவர் வேறு வேலை தேடுகிறார். வெளியே தெரியக்கூடாது என்று, பிராக்சி என்ற இடைக் கம்ப்யூட்டர் வழியாகப் பக்கத்தை வரவழைக்கிறார்கள். சரிதான். ஆனால் தளத்தின் பெயரைத் தட்டியதும், அதன் எண் விலாசத்தை விசாரித்தாக வேண்டும். டி.என்.எஸ். என்பது இந்த விசாரணைதான். அதை பிரவுசர் நேராக இன்டர்நெட் கம்பெனியிடம் கேட்டால்?

ரகசியக் கடிதத்தை ஆள் மூலம் அனுப்பி விட்டு, வீட்டு அடையாளத்தை முக்குக் கடையில் சத்தம் போட்டு விசாரித்த கதைதான்!

28 வருஷ தாமதம்

பெயரையும் பிராக்சியிடமே ஒப்படைக்கும் வசதி, 1996-ல் வெளியான 'சாக்ஸ் 5' முறையிலேயே உண்டு. பயர்பாக்ஸ் பிரவுசரில் அது தானாக வேலை செய்ய, 2024 ஜூலையில் 128-வது பதிப்பு வர வேண்டியிருந்தது. அதுவரை நாமேதான் 'டிக்' போட வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

விண்டோஸ் 7 ஓடும் பழைய கம்ப்யூட்டருக்கு பயர்பாக்ஸ் 115-வது பதிப்போடு சரி. அதை வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இன்றே 'டிக்' போடட்டும்.

ஒன்று கவனம்: அப்புறம் பெயர் முழுக்க பிராக்சிக்காரர் கையில். இலவசம் என்று ஊர் பேர் தெரியாதவரிடம் போனால், திருடன் கையில் சாவி கொடுத்த மாதிரிதான்.

மறைப்பதாகச் சொன்னால் முழுசாக மறைக்கணும். பாதி மறைப்பு, ஏமாற்று வேலை!