டோமியேயின் கல்லும் கித்தானும்

ஓவியக்கலை பற்றிப் பேசவும் எழுதவும் முற்படும் நம்மவர் சிலர், பத்திரிகைக்குப் படம் வரைபவரை ஒரு படி கீழேயும், சட்டமிட்டு மாட்டும் தைலவர்ண ஓவியம் தீட்டுபவரை ஒரு படி மேலேயும் நிறுத்திவிட்டே பேச்சைத் தொடங்குகின்றனர். முன்னவர் சித்திரக்காரர், பின்னவர் கலைஞர். முன்னவர் கூலிக்கு வரைகின்றார். பின்னவர் ஆத்மதிருப்திக்காகத் தீட்டுகின்றார். இவ்வாறு வகுத்துக்கொண்டபின், சித்திரக்காரர் ஒருவர் நடுவயதிலே தமக்குப் பழக்கமில்லாத வர்ணத்தைப் பயிலத் தொடங்கினால், அவர் உயர்ந்துவிட்டார் என்று கொண்டாடுவது இவர்களுக்கு எளிதாகிவிடுகின்றது. இக்கொண்டாட்டத்துக்கு இவர்கள் துணைக்கு அழைப்பது பிரான்சிய ஓவியர் ஒனரே டோமியேயை. ஆயிரம் ஓவியர் இருக்க, அவரைத் துணைக்கு அழைப்பதுதான் எமக்கு வியப்பாகவும், உண்மையைச் சொன்னால் சற்றுச் சினமாகவும் இருக்கின்றது.

டோமியே 1808இல் மார்சேய் நகரிலே பிறந்தவர். தந்தையார் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. கவிதை எழுதிப் புகழ்பெறலாம் என்ற கனவோடு பாரிஸ் வந்து வறுமையைக் கண்டவர். மகனோ சிறுவயதிலேயே நீதிமன்ற அலுவலர் ஒருவருக்கு எடுபிடியாகவும், பின்னர் புத்தகக்கடைச் சிப்பந்தியாகவும் வேலை செய்து, கல்லச்சுத் தொழிலைக் கற்றார். சுண்ணாம்புக் கல்லை வழவழப்பாகத் தேய்த்து, கொழுப்புக் கலந்த கரிக்கோலால் அதன்மேல் வரைந்து, பிசினும் அமிலமும் பூசிப் பதப்படுத்திய பின் கல்லை நீரால் நனைத்தால், கோடுள்ள இடம் நீரை ஒதுக்கி மையை ஏற்கும். மற்ற இடம் நீரை ஏற்று மையை ஒதுக்கும். கொழுப்புக்கும் நீருக்கும் உள்ள பகையே இத்தொழிலின் முழு இரகசியம். ஒரு கல்லிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை எடுக்கலாம். அதனாலேயே அது மலிவு. அதனாலேயே அரசுக்கு அதன்மேல் அச்சம்.

அந்த அச்சம் வெறும் சொல்லன்று. 1830 புரட்சியின் தோளில் ஏறி அரியணைக்கு வந்த லூயி பிலிப் மன்னனை, ஏழைகள் சுமந்துவரும் பணமூட்டைகளை வாய்பிளந்து விழுங்கும் பூதமாகத் தீட்டியமைக்காக டோமியேக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனையும் 500 பிராங்கு அபராதமும் விதிக்கப்பட்டன. 1832இல் அவர் சிறை புகுந்தார். 1834 ஏப்ரலிலே திரான்ஸ்நொனேன் வீதியின் வீடொன்றுள் படையினர் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்தோரைக் கொன்றனர். அந்த அறையை, இரவுடையோடு சரிந்து கிடக்கும் மனிதனையும் அவன் உடலின்கீழ் நசுங்கிய குழந்தையையும், கேலியின் சாயல் சிறிதுமின்றி அவர் கல்லில் வரைந்தார். அரசு அந்தக் கல்லையும் அகப்பட்ட படிகளையும் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு, 1835 செப்டெம்பரில், புதிய சட்டங்கள் வந்தன. அவற்றின்படி எழுத்தை அச்சிட முன்னனுமதி வேண்டியதில்லை. படத்தை அச்சிடவோ வேண்டும். எழுத்தறியாதவனும் படத்தைப் படித்துவிடுவான் என்பதை ஆளும் வர்க்கம் எத்துணைத் தெளிவாக உணர்ந்திருந்தது! எம் கலைவிமர்சகர்களுக்கு இன்னும் விளங்காத ஒன்றை அந்த அமைச்சர்கள் அன்றே விளங்கிக்கொண்டனர். திரான்ஸ்நொனேன் வீதிப் படத்தை ‘வெறும் பத்திரிகைச் சித்திரம்’ என்பவர் அதைப் பார்க்கவில்லை என்றே நாம் கொள்ளவேண்டியுள்ளது.

இனி வர்ணத்துக்கு வருவோம். 1848 பெப்ரவரியில் முடியாட்சி வீழ்ந்தது. புதிய குடியரசைக் குறிக்கும் உருவமொன்றைத் தீட்டுமாறு அரசு போட்டி அறிவித்தது. டோமியே தைலவர்ணத்தில் ஒரு முன்வரைவை அனுப்பினார். உடல் வலிமை வாய்ந்த தாய் ஒருத்தி. இரு குழந்தைகள் அவளிடம் பாலருந்துகின்றன. மூன்றாவது அவள் காலடியிலிருந்து படிக்கின்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட 20 வரைவுகளில் அதுவும் ஒன்று. ஆயினும் இறுதி ஓவியத்தை அவர் முடித்துக் கொடுத்தாரில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பது. கல்லிலே ஐரோப்பா எங்கணும் நிகரில்லாத கை, கித்தானின் முன்னே மாணவனின் கையாக நின்றது.

ஏன் என்பதைத் தொழில்வழியே நோக்கவேண்டும். கல் வெளிர்நிறமானது, ஒளி அங்கே முன்னரே இருக்கின்றது, சித்திரக்காரர் இருளை மட்டும் சேர்க்கின்றார். கபில நிற அடித்தளமிட்ட கித்தானிலோ இருள் முன்னரே இருக்கின்றது; ஒளியைத் தேடி உண்டாக்கவேண்டும். கல்லில் இட்ட கோடு முடிவானது. அதைத் திருத்துவது கடினம். தைலவர்ணம் நாட்கணக்கில் ஈரமாயிருக்கும். சுரண்டலாம், மேலே பூசலாம், மீண்டும் அழிக்கலாம். இந்தச் சுதந்திரமே பழகாத கைக்குப் பொறியாகின்றது. கீழ்ப்படை உலருமுன் மேற்படை பூசினால் வெடிக்கும். டோமியேயோ கோட்டை விட்டுக்கொடுக்கவே இல்லை. தூரிகையாலும் வரைந்தார், வர்ணத்தின்மேல் கரிய புறக்கோடுகளை ஓடவிட்டார். ஓவியக் கழகத்தின் ஆசான்கள் குறை என்று சொல்லக்கூடிய அக்கோடுகளே அவர் உருவங்களைத் தாங்கி நிற்கும் எலும்புகள். அதாவது, அவர் புதிய ஊடகத்தைக் கற்றது பழையதை மறந்து அன்று; பழையதைச் சுமந்துகொண்டு. அதற்கும் முன்னரே, 1830களிலே, அரசியல்வாதிகளின் தலைகளைக் களிமண்ணிற் பிடித்து நிறம் பூசி, முகத்தின் கனத்தைக் கைவிரலால் அறிந்தவர் அவர். அவற்றுள் 36 தலைகள் இன்றும் பாரிஸ் ஓர்சே அரும்பொருளகத்தில் உள்ளன.

‘முடிக்கத் தெரியாதவர்’ என்ற பழி அவர் வாழ்ந்தபோதே எழுந்தது. இன்றும் மெருகிட்ட மொழியில் அதைத் திருப்பிச் சொல்வோர் உளர். நியூயோர்க்கில் உள்ள ‘மூன்றாம் வகுப்பு வண்டி’ ஓவியத்தைக் காட்டுவர். அதிலே வரைவைப் பெரிதாக்க இட்ட கட்டக்கோடுகள் முகங்களின் ஊடாகவே தெரிகின்றன. ஆம், அது முடியாத ஓவியந்தான். ஆனால் முடிக்க எது வேண்டும் என்பதை இவர்கள் கேட்பதில்லை. தைலவர்ணம் கேட்பது பணத்தை மட்டுமன்று, ஓய்வைக் கேட்கின்றது. ஒரு படை உலரும்வரை காத்திருக்க வல்லவன், அந்த நாட்களில் வேறெங்கிருந்தோ சோறு வருபவன். டோமியேக்குச் சோறு வந்தது கல்லிலிருந்து. கல்லுக்கோ பத்திரிகை நாள் உண்டு. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் அவர் வரைந்த கல்லச்சுப் படங்கள் சுமார் 4000. சராசரியாக ஆண்டுக்கு நூறு! இந்த நூற்றின் இடைவெளிகளில், மிஞ்சிய பொழுதுகளில், ஒரு மனிதர் புதிய கலையொன்றைப் பயின்றார். 1860இல் ‘ஷரிவாரி’ பத்திரிகை அவரை விலக்கியது. 1863இன் இறுதிவரை அங்கே அவருக்கு இடமில்லை. பொழுது கிடைத்தது, வருவாய் போயிற்று. முடியாத ஓவியத்திலே ஆற்றலின்மையைக் காண்பவர்கள், அந்த ஆண்டுகளின் வீட்டுவாடகையையும் கணக்கிற் சேர்க்கட்டும்.

மறுபுறத்தே, எம் தோழர்களிடையேயும் ஒரு குரல் கேட்கின்றது. அச்சு மக்கள் ஆயுதம். கித்தானோ ஒரு பணக்காரனின் சுவருக்குரியது. எனவே தூரிகையை எடுத்த கணத்தில் டோமியே போர்க்களத்தை விட்டு விலகினார் என்பது அக்குரல். இதில் உண்மையின் ஓரம் உண்டு. கித்தான் ஒன்றேதான், அதை வாங்குபவனும் ஒருவனேதான். ஆயினும் இதை நாம் ஏற்பதற்கில்லை. பத்திரிகைப் படங்களின் அடியில் வரும் நகைச்சுவை வசனங்கள் பெரும்பாலும் டோமியே எழுதியவை அல்ல. பத்திரிகைக்காரர் எழுதிச் சேர்த்தவை. படம் வாய்திறப்பதற்கு முன்னே வசனம் பேசிவிடும். மேலும் கேலிச்சித்திரத்துக்கு எதிரி ஒருவன் வேண்டும்: நீதவான், வீட்டுச்சொந்தக்காரன், வழக்கறிஞன், அமைச்சன். உழைப்பவளை எவ்வாறு கேலி செய்வது? அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தது சென் நதியின் நடுவேயுள்ள செந் லூயி தீவிலே. நதிக்கரைப் படிகளில் ஈரத்துணி மூட்டையோடு ஏறிவரும் சலவைப் பெண்களை அங்கே அவர் காணாதிருக்க முடியாது. ஓர்சேயில் உள்ள ‘சலவைக்காரி’யைப் பாருங்கள். ஒரு கையில் மூட்டை. மறுகை படியேறும் குழந்தையைத் தாங்குகின்றது. பின்னே வெயில் விழுந்த கட்டடங்கள். அவள் முகமோ நிழலில். அடியிலே வசனம் இல்லை. அந்த மூட்டையின் பாரத்தைக் கரிக்கோல் சொல்லலாம். அவள் முதுகை அழுத்தும் அந்தப் பகல் வெயிலைச் சொல்ல அவருக்கு வர்ணம் தேவைப்பட்டது. தேவையே அவரைப் பயிலவைத்தது. உயர்வு தேடும் ஆசையன்று.

ஊடகங்களிடையே சாதி வகுப்பது எமக்குப் புதிதன்று. 1960களின் தொடக்கத்தில் முற்போக்கு எழுத்தாளர் கதைகளிலே மக்களின் பேச்சைக் கையாண்டபோது, அதை ‘இழிசனர் வழக்கு’ என்று ஒதுக்கிய பண்டிதர்களை ஈழத்து வாசகர் மறந்திருக்கமாட்டார். இன்னதில் எழுதுவதே இலக்கியம், இன்னதில் தீட்டுவதே ஓவியம் என்ற தீர்ப்பு எங்கே ஒலித்தாலும், தீர்ப்பு வழங்குபவர் எந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கின்றார் என்பதை முதலிற் பார்ப்பது நன்று.

1878இல், பாரிஸ் நகரின் துரான் ரூயல் கூடத்திலே, நண்பர்கள் டோமியேயின் ஓவியங்களை ஒருசேரக் காட்சிக்கு வைத்தனர். கௌரவத் தலைவர் விக்தோர் ஹியூகோ. ஓவியருக்கோ எழுபது வயது. கண்ணொளி ஏறக்குறைய மங்கிவிட்டது. அவர் தைலவர்ணமும் தீட்டுவார் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது. கலையுலகினர் சிலர் வியந்து போற்றினர். பணம் படைத்தோர் வரவில்லை. காட்சிக்கு ஆன செலவுகூட மீளவில்லை. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அவர் வல்மொந்துவா என்னும் கிராமத்திலே காலமானார். அவர் அங்கீகாரத்துக்காகவே கல்லை விட்டுக் கித்தானுக்கு ஏறினார் என்போர், அந்த அங்கீகாரம் அவர் உயிரோடிருந்தபோது எந்த ஆண்டில், எவர் கையால், எவ்வளவு பிராங்காக வந்தது என்பதை எமக்குக் காட்டட்டும்.